பொதிகை உச்சிக்கு ட்ரெக்கிங்: ‘இறங்கறதுக்குக் கால்ல தெம்பு மிச்சம் இருக்கா?’ - கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"இறங்கறதுக்குக் கால்ல தெம்பு மிச்சம் இருக்கா?"

அகஸ்தியர்கூடத்தின் கடைசிப் பாறைக்குக் கீழே, கயிற்றைப் பிடித்து ஏறத் தயாராக நின்ற எங்களிடம் வழிகாட்டி அண்ணன் கேட்ட கேள்வி இது. "ஏற முடியுமா?" என்றுதான் கேட்பார் என்று நினைத்திருந்தோம். ஐந்து பேரில் நான்கு பேர் வேகமாகத் தலையாட்டினோம். ஐந்தாவது தோழி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லண்ணா, முட்டி ரொம்ப வலிக்குது" என்றாள். அவர் முகம் சுளிக்கவில்லை. "அப்ப இங்கயே உட்காருங்க. இவங்க வந்ததும் சேர்ந்து இறங்கிடலாம்" என்றார். இன்னொரு வழிகாட்டி அவளுக்குத் துணையாக நின்றுகொண்டார்.

அந்தக் குழுவில் காட்டுக்குப் போகச் சரியாகத் தயாராகி வந்தவள் அவள்தான் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரீல்ஸில் பொதிகை மலையின் மேகத்தைப் பார்த்துவிட்டு, "மச்சி, அடுத்த சீசன் போயே ஆகணும்" என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ் போடுபவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எந்தப் பெரிய காட்டுக்குள் நடக்கப் போனாலும் இதில் உள்ள பெரும்பாலான விஷயங்கள் பொருந்தும். அகஸ்தியர்கூடத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

இது எப்படிப்பட்ட காடு?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது அகத்தியர்மலை உயிர்க்கோளக் காப்பகம். பரப்பளவு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். 2001-ல் அறிவிக்கப்பட்ட இந்தக் காப்பகம், 2016-ல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வலைப்பின்னலில் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கேரளப் பக்கம் நெய்யாறு, பேப்பாறை வனவிலங்கு சரணாலயங்கள். தாமிரபரணி பிறப்பது இந்த மலையில்தான்.

இதன் நடுவே நிற்கிறது அகஸ்தியர்கூடம். உயரம் சுமார் 1,868 மீட்டர். அகத்திய முனிவர் வாழ்ந்த பொதிகை என்று நாம் காலங்காலமாகச் சொல்லும் மலை. உச்சியில் அவருடைய சிலை இருக்கிறது.

எண்ணைப் பார்த்துவிட்டு, "ஊட்டியைவிடக் குறைவுதானே" என்று நினைக்க வேண்டாம். ஊட்டிக்கு பஸ் போகிறது. இங்கே உங்கள் கால்தான் போக வேண்டும். யானை, காட்டெருமை, கரடி, சிறுத்தை, புலி எல்லாம் வாழும் காடு. வழியில் கடை இல்லை, சிக்னல் இல்லை, ஆம்புலன்ஸ் வரும் சாலையும் இல்லை.

எப்போது, எப்படிப் போகலாம்?

இப்போது பொதுமக்கள் மலையேறும் பாதை கேரளப் பக்கத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கி.மீ. தூரத்தில் போணக்காடு. பழைய தேயிலைத் தோட்டம் இருக்கும் ஊர். யூடியூபில் ‘பேய் பங்களா’ என்று தேடினால் வருமே, அதே ஊர்தான். அங்கிருந்துதான் நடை ஆரம்பம்.

முக்கிய சீசன் வழக்கமாக ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி இறுதிவாக்கில் முடியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை வெயிலும் காட்டுத்தீ அபாயமும் தொடங்குவதற்கு முன்பான இடைவெளி அது. ஒரு நாளைக்குச் சுமார் 100 பேருக்குத்தான் அனுமதி. கேரள வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், திறந்த சில நிமிடங்களில் என்ன நடக்கும் என்று. தேதி, கட்டணம், விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். யாரோ போட்ட பழைய ரீல்ஸை நம்பாமல், வனத்துறையின் அந்த ஆண்டு அறிவிப்பை முழுசாகப் படித்துவிடுங்கள்.

அசல் அடையாள அட்டை வேண்டும். அண்மையில் பெற்ற மருத்துவ உடல்தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். "தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம்" என்பதுதான் நம் முதல் யோசனையாக இருக்கும். அந்த யோசனையைக் கைவிடுங்கள். அந்தத் தாள் வனத்துறைக்கு ஒரு ஃபைல். உங்களுக்கு அது உண்மையான பரிசோதனை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வெள்ளியங்கிரி ஏறும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறலால் பக்தர்கள் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். மலை யாரையும் புதிதாக நோயாளி ஆக்குவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருப்பதைத்தான் வெளியே கொண்டுவருகிறது.

பெண்கள் போகலாமா? தாராளமாக. பல ஆண்டுகளாக இருந்த தடை, 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு விலகியது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்பாளரான தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு முதல் பெண்ணாக ஏறினார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேற்றத்துக்குப் போன இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் நம்மைப் போல ஐ.டி. வேலை, வார இறுதி, நண்பர்கள் என்று இருந்தவர்கள்.

மலைச்சரிவில் தீ எப்படிப் பரவும் என்பது தெரிந்தால் பயம் புரியும். தீயின் வெப்பம் மேல்நோக்கிப் போய், மேலே இருக்கும் காய்ந்த புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் கணக்கு. மேல்நோக்கி ஓடும் மனிதரின் வேகமோ பாதியாகும். இந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கி, 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் என்ற ஏற்பாடு வந்தது. தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். "வனத்துறை கெடுபிடி பண்றாங்க" என்று கமென்ட் போடுவதற்கு முன், இந்த விதிகளுக்கு என்ன விலை கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

முதல் நாள், போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை சுமார் 15 கி.மீ. ஆரம்பத்தில் ஓடைகள், அடர்ந்த காடு, ஓரளவு சமதளம். பிறகு திறந்த புல்வெளி, உச்சி வெயில். அதன் பிறகு ‘ஏழுமடக்கன் தேரி’, ‘முட்டிடிச்சான் தேரி’ என்று ஏற்றங்கள். முட்டிடிச்சான் என்ற பெயருக்கு விளக்கமே வேண்டாம்: ஏறும்போது உங்கள் முட்டி உங்கள் நெஞ்சில் இடிக்கும்.

இரண்டாம் நாள் முகாமிலிருந்து உச்சிக்குச் சுமார் 6 கி.மீ. பொங்கலப்பாறையைத் தாண்டிய பிறகு செங்குத்துப் பாறைகள். கயிறு பிடித்து ஏறும் இடங்களும் உண்டு. அதே வழியில் திரும்பி முகாம். மூன்றாம் நாள் மறுபடி 15 கி.மீ. இறக்கம்.

கூட்டிப் பாருங்கள். மூன்று நாளில் சுமார் 42 கி.மீ. கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம், முதுகில் பையோடு, மலையில்.

நேரத்தைக் கணக்குப் போட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உதாரணமாக, 6 கி.மீ. தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் இருந்தால் சுமார் இரண்டே கால் மணி நேரம். ஆனால் இது நன்றாகப் பழகியவர்களுக்கான கணக்கு. வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதோடு பாதி நேரத்தையாவது கூட்டிக்கொள்ள வேண்டும். பாறையும் போட்டோவும் இருந்தால் இன்னும் கூடும்.

ஜிம்முக்குப் போறேனே, போதாதா?

போதாது. காரணம், இறக்கம்.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது தொடைத் தசைகள் வேறு மாதிரி வேலை செய்கின்றன. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் பிடித்து நிறுத்த, தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய சேதங்களை உண்டாக்கும். வலி உடனே தெரியாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு ஆரம்பித்து மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும். இப்போது காலண்டரைப் பாருங்கள். இரண்டாம் நாள் உச்சியிலிருந்து இறங்கிய வலி எப்போது வரும்? மூன்றாம் நாள், அந்த 15 கி.மீ. இறக்கத்தின்போது. டிரெட்மில் இதற்குப் பழக்கித் தராது. மெரினாவில் நடப்பதும் தராது. படிக்கட்டுதான் தரும்.

ஆறு வாரத் திட்டம் ஒன்று:

முதல் இரண்டு வாரம்: வாரத்தில் நான்கு நாள் 5 கி.மீ. வேக நடை. ஆபீஸிலும் அபார்ட்மென்ட்டிலும் லிஃப்டுக்கு லீவு. முக்கியமாக இறங்கும்போது படியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, நான்காவது வாரம்: பையில் 5 கிலோ தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு படி ஏறி இறங்குங்கள். சனி, ஞாயிறில் பக்கத்தில் இருக்கும் மலைக்கோயில். சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை, திருக்கழுக்குன்றம், கோவைக்கு மருதமலை, திருச்சிக்கு மலைக்கோட்டை. பழனிப் படிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஐந்தாவது வாரம்: சனி 12 கி.மீ., ஞாயிறு மறுபடி 12 கி.மீ. அடுத்தடுத்த நாள் நடப்பதுதான் இங்கே பாடம். ஞாயிறு காலை எழுந்ததும் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதுதான் உங்கள் உண்மையான உடல்தகுதிச் சான்றிதழ்.

ஆறாவது வாரம்: குறைத்துக்கொள்ளுங்கள். லேசான நடை, நல்ல தூக்கம். கடைசி நிமிடத்தில் படித்துப் பரீட்சை எழுதும் வித்தை இங்கே பலிக்காது.

ஷூ, துணி, பை: எதில் செலவு செய்யலாம்?

காசு இருந்தால் முதல் செலவு ஷூ. என் முதல் ட்ரெக்கிங்குக்குக் கிளம்பும் முந்தின நாள் புது ஷூ வாங்கினேன். கலர் சூப்பர். நான்காவது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மீதி வழியெல்லாம் காட்டைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. என் கால்களை மட்டும்தான் பார்த்தேன். தப்பு ஷூவின் மேல் இல்லை, என் மேல்தான்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். இல்லையென்றால் இறங்கும்போது நகம் இடித்துக் கறுத்துவிடும். நகத்தை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். வாங்கியதும் குறைந்தது மூன்று வாரம் அதே ஷூவில் நடந்து பழகுங்கள். சாக்ஸ் மூன்று ஜோடி. கால் நனைந்தால் மாற்றிவிட வேண்டும். சூடாக, உரசுவது போலத் தெரிந்த உடனே நின்று அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். "முகாம் போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் அங்கே கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

பருத்தித் துணி நம் ஊர் வெயிலுக்கு நல்லது, மலைக்கு ஆகாது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாமல் இருந்து, காற்று அடிக்கும்போது உடல் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸ் கூடவே கூடாது. சீக்கிரம் காயும் டி-ஷர்ட், டிராக் பேன்ட் போதும்.

"கேரளாதானே, என்ன குளிரப்போகுது?" ஒரு சின்னக் கணக்கு. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 1,868 மீட்டருக்கு 12 டிகிரி. கடற்கரையில் 23 டிகிரி என்றால் உச்சியில் 11. காற்றோடு சேர்ந்தால் இன்னும் குறைவாக உணர்வீர்கள். ஒரு ஸ்வெட்டர், காற்று புகாத ஒரு மழைக்கோட்டு கட்டாயம்.

பையின் மொத்த எடை உங்கள் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 60 கிலோ எடை என்றால் 6 முதல் 9 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஹெட்லேம்ப், விசில், ஓ.ஆர்.எஸ்., பேண்டேஜ், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, போர்வை, பவர் பேங்க். இவற்றுக்குப் பிறகு இடம் இருந்தால் மற்றதெல்லாம். தூக்கி எறியும் பிளாஸ்டிக் வேண்டாம். உள்ளே போன எதுவும் உங்களோடு வெளியே வர வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு? சாப்பாடு என்ன?

தாகம் எடுத்த பிறகு மொத்தமாகக் குடிப்பதைவிட, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. ஒரு நாள் நடைக்கு 3 முதல் 4 லிட்டர் வரை தேவைப்படலாம். ஆனால் வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்விடும். குடிக்கும் தண்ணீர் மிச்சமிருக்கும் சோடியத்தையும் நீர்க்கச் செய்துவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். உப்புக் கடலை, ஊறுகாயோடு புளியோதரை, கடலைமிட்டாய், பேரீச்சை. நம் ஊர் கட்டுச்சோற்றை மிஞ்சிய ட்ரெக்கிங் உணவு கிடையாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதே அளவில் கலக்குங்கள். 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மேலே எந்த விலங்கு குளித்தது என்று அது சொல்லாது. வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

யானை வந்தா என்ன பண்றது?

முதலில், வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். காதில் இயர்போனும் வேண்டாம்: கிளை ஒடியும் சத்தம்தான் முதல் எச்சரிக்கை. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். குழுவை விட்டு முன்னாலோ பின்னாலோ தனியாகப் போகாதீர்கள். புதிதாகப் போட்ட யானைச் சாணத்தைப் பார்த்தால் வழிகாட்டி நிற்பார், நீங்களும் நில்லுங்கள். அவர் "பின்னாடி போங்க" என்றால் ஏன் என்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். செல்ஃபி எடுக்கும் தூரத்தில் யானை இருந்தால், அது உங்களை மிதிக்கும் தூரத்திலும் இருக்கிறது.

பாம்பு கடித்தால்? கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வாட்ச், கொலுசைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கை அல்லது காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, அவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குழிவிரியன்களின் விஷத்துக்கு அது பொருந்தாது. ஆகவே கடிபடாமல் இருப்பதே சிகிச்சை: கை வைக்கும் பாறையையும், உட்காரும் மரத்தையும் ஒரு நொடி பார்த்துவிட்டு வையுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகாதீர்கள்.

வழிகாட்டியை டிரைவர் மாதிரி நடத்தாதீங்க

இந்தக் காட்டில் வழி காட்டும் பலர் காணி பழங்குடி மக்கள். 1987-ல் தாவரவியலாளர் புஷ்பாங்கதனின் குழு இதே மலைகளில் ஆய்வுக்குப் போனது. விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள், கூட வந்த காணிகள் களைக்கவில்லை. அவர்கள் நடந்துகொண்டே ஒரு சின்னப் பழத்தைச் சாப்பிட்டார்கள். அந்தச் செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது; அதன் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தமானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி முயற்சியாக உலகம் முழுக்க இதைப் பேசுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டுக் காட்டில் பழம் தேடாதீர்கள். எது பழம், எது விஷம் என்று நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். உங்கள் ஃபிட்னஸ் வாட்ச் உங்கள் இதயத் துடிப்பைச் சொல்லும். காட்டின் துடிப்பைச் சொல்ல அவர்தான் வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய கடைசி வேலை

வீட்டில் ஒருவரிடம் நான்கு விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: எங்கே போகிறேன், யாருடன் போகிறேன், எப்போது காட்டை விட்டு வெளியே வருவேன், எந்த நேரம் வரை போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். "பிரெண்ட்ஸோட ட்ரிப்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் காணாமல் போனாலும் தேட ஆரம்பிக்க இரண்டு நாள் ஆகும்.

குழுவுக்குள் ஒரு ‘திரும்பும் நேரத்தை’ முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். உதாரணமாக, காலை 11 மணி. அதற்குள் உச்சிக்குப் போகாவிட்டால், உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். இதை மலையில் வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கே ஆசை பேசும். சாயங்கால மூடுபனியில், ஈரப்பாறையில், தளர்ந்த காலோடு இறங்குவதுதான் பெரும்பாலான விபத்துகளுக்கு ஆரம்பம்.

ஒருவேளை வழி தவறினால், நில்லுங்கள். பதற்றத்தில் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் தேடுபவர்களிடமிருந்து உங்களைத் தூரமாக்கும். மூன்று முறை விசில் அடித்து, இடைவெளி விட்டு, மறுபடி மூன்று முறை. பல இடங்களில் அது உதவிக்கான அழைப்பு.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் உட்காராதீர்கள். டாக்டரிடம் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று முதல் வரியில் சொல்லுங்கள். புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சிகளின் கடியால் ஸ்க்ரப் டைஃபஸ் வரலாம். ஓடைத் தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதில் குணமாகும். தாமதமானால் உயிரையே கேட்கும். உடம்பில் வலியில்லாத கறுப்புத் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தோழி?

மூன்றாம் நாள் காலை. உச்சியைத் தொட்ட நாங்கள் நான்கு பேரும் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடித்தோம். உச்சிக்கு வேண்டிய தெம்பைக் கணக்குப் போட்டிருந்தோம். வீட்டுக்கு வேண்டிய தெம்பை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அவளுக்கும் முட்டி வலித்தது. ஆனால் பாதி நாள் ஓய்வும் முட்டிக் கட்டும் கொஞ்சம் காப்பாற்றியிருந்தன. எங்களில் ஒருவன் ஏழாவது கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய பையை வாங்கி முன்பக்கம் மாட்டிக்கொண்டு, ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுத்து, போணக்காடு வரை பக்கத்திலேயே நடந்துவந்தது அவள்தான்.

பஸ் ஸ்டாப்பில் வழிகாட்டி அண்ணன் எங்களைத் தலை எண்ணினார். ஐந்து. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த நோட்டில் வெளியே வந்தவர்களின் பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. உச்சிக்குப் போனவர்களுக்கென்று தனிக் கட்டம் எதுவும் இல்லை.

அடுத்த சீசனுக்கு அவள் ஸ்லாட் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் ஆபீஸில் லிஃப்டில் ஏறுவாள், படியில் இறங்குவாள்.